ஒரே கைப்பேசி, அதன் திரையிலேயே க்யூஆர் குறியீடு: எப்படி ஸ்கேன் செய்வது?

பாம்பன்_கருவாட்டுக்கடை | ஞாயிறு, காலை 7.40

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. நேற்று விடியற்காலை வாலிநோக்கம் பக்கத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றிய வண்டி வாசலில் வந்து நின்றது. பணம் வந்தால்தான் இறக்குவேன் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். உப்பு வியாபாரியை அழைத்தேன். அவர் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு க்யூஆர் குறியீட்டுப் படத்தை அனுப்பி, "இதற்குப் போட்டுவிடுங்கள் அக்கா" என்றார். 3,400 ரூபாய். கையில் அவ்வளவு ரொக்கம் இல்லை. முதல் நாள் வாங்கிய நெத்திலி கூடையில் உப்புக்காகக் காத்திருக்கிறது.

படம் என் கைப்பேசித் திரையில். அதைப் படிக்க வேண்டிய கேமரா அதே கைப்பேசியின் முதுகில். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இங்கே முதுகில் இருக்கிற கண்ணுக்கு முகம் தெரியவில்லை. கடைசியில் பக்கத்துக் கடை அண்ணனை எழுப்பி, படத்தை அவர் கைப்பேசிக்கு அனுப்பி, அவர் திரையைக் காட்ட நான் ஸ்கேன் செய்தேன். மூட்டை இறங்கிவிட்டது.

ஆனால் மனம் ஆறவில்லை. அவரும் என்னைப் போலவே கருவாட்டு வியாபாரி. நான் யாரிடம் உப்பு எடுக்கிறேன் என்பது இப்போது அவர் கைப்பேசியில் படமாகக் கிடக்கிறது. எவ்வளவுக்கு என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டார். இன்னொரு கைப்பேசி வாங்காமல் இதற்கு வழி உண்டா?

தங்கச்சிமடம்_படகு | ஞாயிறு, காலை 8.05

அக்கா, எங்கள் வீட்டில் இப்படி வந்தால் தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுவோம். வீட்டில் வேறு யாரிடமாவது இருக்குமே?

பாம்பன்_கருவாட்டுக்கடை | ஞாயிறு, காலை 8.20

மகன் மதுரையில் படிக்கிறான். வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

மண்டபம்_டீச்சர் | ஞாயிறு, காலை 9.15

இரண்டாவது கைப்பேசி வேண்டவே வேண்டாம். ஸ்கேன் என்றால் கேமராவால்தான் முடியும் என்று நாம் பழகிவிட்டோம். கேமராவின் வேலை ஒரு படத்தைப் பிடித்துத் தருவது மட்டும். உங்களிடம் படம் ஏற்கெனவே கைக்குள் இருக்கிறது. அதைப் படிக்கச் சொல்வதுதான் பாக்கி.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்தைத் திறந்து சேமித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு நீங்கள் பணம் அனுப்பும் செயலியில் ஸ்கேன் பகுதிக்குப் போங்கள். கேமரா திறந்துகொள்ளும். அந்தத் திரையின் ஓரத்திலோ அடியிலோ கேலரியிலிருந்து படத்தை எடுக்கச் சொல்லும் சிறிய படக்குறி ஒன்று இருக்கும். கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாவற்றிலும் இது உண்டு. அதைத் தொட்டு, சேமித்த படத்தைத் தேர்ந்தெடுத்தால் பெறுபவரின் பெயர் வந்து நிற்கும்.

பணம் தொடர்பில்லாத குறியீடு, அதாவது ஓர் இணையதளத்துக்கோ விண்ணப்பத்துக்கோ போகிற குறியீடு என்றால் கூகுள் லென்ஸ் போதும். கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து லென்ஸைத் தொட்டால் உள்ளே இருக்கும் முகவரி திரையில் வரும். சில புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஸ்கிரீன்ஷாட் கூட வேண்டியதில்லை. திரையின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து, குறியீட்டைச் சுற்றி விரலால் வட்டமிட்டால் படித்துவிடும். ஐபோனில் படங்கள் செயலியில் குறியீட்டின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த முகவரியைத் திறக்கவா என்று கேட்கும்.

இதற்கென்று புதிய ஸ்கேனர் செயலி எதையும் இறக்கிவிடாதீர்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அப்படி இறக்கிவிட்டு, திறக்கும்போதெல்லாம் விளம்பரம் வருகிறது என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். தேவையான எல்லாம் ஏற்கெனவே கைப்பேசியில் இருக்கிறது.

பாம்பன்_கருவாட்டுக்கடை | ஞாயிறு, பிற்பகல் 1.30

டீச்சர், நன்றி. அந்தப் படக்குறியை நான் தினமும் பார்த்திருக்கிறேன், எதற்கென்று தெரியாமலே. உப்புக்காரரின் படத்தை ஏற்றினேன், பெயர் சரியாக வந்தது. பழைய பாக்கி 500 ரூபாய் இருந்தது, அனுப்பினேன், போய்விட்டது.

அடுத்த வண்டிக்கு முன்பணமாக 2,600 ரூபாய் போட்டுப் பார்த்தேன். மறுத்துவிட்டது. கணக்கில் பணம் இருக்கிறது. இன்னொரு தடவையும் முயன்றேன், அதே பதில். எங்கே தவறு?

தொண்டி_கடைத்தெரு | ஞாயிறு, பிற்பகல் 2.10

தவறு உங்களிடம் இல்லை அக்கா. கேலரியிலிருந்து ஏற்றும் குறியீட்டுக்கு 2,000 ரூபாய் வரம்பு இருக்கிறது. யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் விதி அது. நானும் இதில் மாட்டிக்கொண்டவன்தான். மளிகைச் சரக்கு எடுக்கும்போது ஒருநாள் முழுவதும் வங்கிக்கும் கடைக்கும் அலைந்தேன்.

காரணம் நியாயமானதுதான். கேமராவைக் குறியீட்டின்முன் நீட்டுகிறவர் பெரும்பாலும் அந்தக் கடையிலேயே நிற்கிறார்; யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்கிறார். படமாக வருகிற குறியீடோ எங்கிருந்தும் வரலாம், பத்துப் பேர் கை மாறியும் வரலாம்.

பெரிய தொகைக்கு ஒரு வழி, உப்புக்காரரிடம் அவருடைய யுபிஐ முகவரியை எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். அல்லது அவர் கணக்குடன் இணைந்த கைப்பேசி எண்ணைக் கேளுங்கள். அதைத் தட்டச்சு செய்து அனுப்பினால் இந்த வரம்பு குறுக்கே வராது. வழக்கமான நாள் வரம்பான ஒரு லட்சம் ரூபாய்தான் கணக்கு. எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்பதற்காக, அவர் அனுப்பியதை அப்படியே நகல் எடுத்து ஒட்டுங்கள். பெயர் வந்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

ஏர்வாடி_வாசல் | ஞாயிறு, மாலை 5.45

எல்லோரும் கேலரி வழியைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நான் அதை அடியோடு வேண்டாம் என்கிறேன். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவியின் பழைய தையல் இயந்திரத்தை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தோம். வெளியூரிலிருந்து ஒருவர் பேசினார். விலை கூடப் பேரம் பேசவில்லை, அதுவே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்று படம் அனுப்பினார். மனைவியிடமும் ஒரே கைப்பேசி. கேலரியிலிருந்து எப்படி ஏற்றுவது என்பதையும் அந்த ஆளே பொறுமையாக, ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார். மனைவி ரகசிய எண்ணைப் போட்டாள். 1,900 ரூபாய் வெளியே போனது. இப்போது தொண்டிக்காரர் சொன்ன பிறகுதான் அது ஏன் 1,900 என்று எனக்குப் புரிகிறது. 2,000க்குள் நிற்கும்படி கேட்டிருக்கிறான்.

அவள் இன்றுவரை அந்த இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தெரியாதவர்களுக்கு இந்த வழியைத் திறந்துவிடாதீர்கள்.

மண்டபம்_டீச்சர் | ஞாயிறு, இரவு 8.30

அண்ணன், உங்கள் வீட்டில் நடந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் வழியை மூடிவிட்டால் அடுத்த ஏமாற்றுக்காரர் வேறு வழியில் வருவார். அந்த இடத்தில் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரே ஓர் அறிவுதான்: பணம் பெறுவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், ரகசிய எண்ணும் போட வேண்டாம். பணம் வரும் என்று சொன்ன இடத்தில் யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்கிறது என்றால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். கேமராவால் படித்திருந்தாலும் அதே 1,900 போயிருக்கும்.

பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், குற்றம் அவர்களுடையது அல்ல.

குறியீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தப் பயம் பாதி குறையும். உப்புக்காரரின் படத்தில் இருப்பது ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். 'யுபிஐ பே' என்று தொடங்கும். 'பிஏ' என்ற இடத்தில் பெறுபவரின் முகவரி, 'பிஎன்' என்ற இடத்தில் அவர் பெயர், தொகை குறித்திருந்தால் 'ஏஎம்' என்ற இடத்தில் அது. உங்கள் கணக்கைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அதைப் படிப்பதற்கு இணையமும் தேவையில்லை; தனுஷ்கோடி மணலில் சமிக்ஞை இல்லாமல் நின்றாலும் கைப்பேசி தானே படித்துவிடும். பணம் அனுப்பும்போதுதான் இணையம் வேண்டும்.

தங்கச்சிமடம்_படகு | ஞாயிறு, இரவு 9.10

டீச்சர், ஒரு சந்தேகம். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மற்றதெல்லாம் தெரியாமல் குறியீட்டை மட்டும் ஒட்ட வெட்டி ஏற்றினேன். படிக்கவே இல்லை. வெட்டாத படத்தை ஏற்றினால் உடனே படிக்கிறது. படம் தெளிவாகத்தான் இருந்தது.

மண்டபம்_டீச்சர் | ஞாயிறு, இரவு 10.00

ஒட்ட வெட்டியதுதான் காரணம், தம்பி. குறியீட்டைச் சுற்றி வெள்ளை ஓரம் இருக்க வேண்டும். அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களில் நான்கு கட்டம் அளவுக்கு நாலாபுறமும் வெறுமையாக விட வேண்டும் என்பது விதி. அந்த ஓரம் இல்லையென்றால் குறியீடு எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று செயலி தடுமாறும். இருண்ட பின்னணித் திரையில் எடுத்து ஒட்ட வெட்டினால் இன்னும் மோசம்.

ஒரு குறியீட்டைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரம், நான்காவது மூலையில் இல்லை. அந்தச் சதுரத்தின் நடுவாக எந்தப் பக்கமிருந்து விரலை இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று வரும், அகலம் 1:1:3:1:1. இதை வடிவமைத்தவர் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த மசாஹிரோ ஹாரா. வெளியான ஆண்டு 1994. கார் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காகச் செய்தது. துண்டறிக்கை, பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சான தாள்களை அலசி, அவற்றில் மிக அரிதாக வருகிற கறுப்பு வெள்ளை விகிதம் எதுவென்று தேடி இந்த 1:1:3:1:1ஐப் பிடித்தார்கள். அதனால்தான் கூட்டமான படத்துக்குள்ளும் கைப்பேசி அந்த மூன்று மூலைகளை உடனே கண்டுகொள்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும், தலைகீழாக இருந்தாலும் படிப்பதும் அதனால்தான். காப்புரிமை கையில் இருந்தும் அந்த நிறுவனம் பயன்படுத்துகிறவர்களிடம் கட்டணம் கேட்கவில்லை. இல்லாவிட்டால் நம் ஊர் மீன் கடை வரைக்கும் இது வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பாம்பன்_கருவாட்டுக்கடை | திங்கள், காலை 6.30

டீச்சர், கேட்டே விடுகிறேன். என் கடையில் தொங்கும் அட்டையின் ஒரு மூலையில் உப்புத் தண்ணீர் இறங்கிப் பழுப்பேறியிருக்கிறது. நடுவில் நெத்திலிச் செதில் ஒட்டிக் காய்ந்துபோய், சுரண்டினால் அச்சே உரிகிறது. இருந்தும் வாடிக்கையாளர்களுக்குப் படிக்கிறது. எப்படி?

மண்டபம்_டீச்சர் | திங்கள், மாலை 6.15

குறியீட்டுக்குள் அதே செய்தியை மீட்டெடுப்பதற்கான உபரித் தகவலும் சேர்த்தே அச்சாகியிருக்கிறது. நான்கு நிலைகள் உண்டு. மிகக் குறைந்ததில் சுமார் 7 விழுக்காடு அழிந்தாலும், மிக உயர்ந்ததில் சுமார் 30 விழுக்காடு அழிந்தாலும் மீட்டுவிடலாம். உங்கள் செதில் அதற்குள் அடங்கிவிட்டது. ஆனால் அந்த மூன்று மூலைச் சதுரங்களில் ஒன்றைப் பழுப்பு முழுவதும் மூடிவிட்டால் உபரித் தகவல் இருந்தும் பயனில்லை. அட்டையை மாற்றிவிடுங்கள்.

கீழக்கரை_பயணி | திங்கள், இரவு 9.40

எனக்கும் இதே முடிச்சுதான், ஆனால் பணம் இல்லை. வியாழக்கிழமை துபாய்க்குக் கிளம்புகிறேன். அங்கே பயன்படுத்த, அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதிகிற இ-சிம் வாங்கினேன். அதன் க்யூஆர் குறியீட்டை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். மின்னஞ்சல் வருவதும் இ-சிம் ஏற வேண்டியதும் ஒரே கைப்பேசி. அச்சடித்துக்கொண்டு வந்து ஸ்கேன் செய்ய வேண்டுமா?

பெரியபட்டினம்_ஷார்ஜா | திங்கள், இரவு 11.20

அச்சடிக்க வேண்டாம் காக்கா. ஐபோன் என்றால், ஐஓஎஸ் 17.4 முதல் மின்னஞ்சலில் இருக்கும் குறியீட்டையே விரலால் அழுத்திப் பிடித்தால் இ-சிம் சேர்க்கவா என்று கேட்கும். ஆண்ட்ராய்டு என்றால் குறியீட்டை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். அதே மின்னஞ்சலில் குறியீட்டுக்குக் கீழே எஸ்எம்-டிபி பிளஸ் முகவரி என்று ஒன்றும், செயல்படுத்தும் குறியீடு என்று ஒன்றும் பொதுவாகக் கொடுத்திருப்பார்கள். அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய் இ-சிம் சேர்க்கும்போது, ஸ்கேன் திரையின் அடியில் கையால் உள்ளிடும் வழி இருக்கும். அங்கே கேட்பதை ஒட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஊரில் வைஃபை இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் இறங்கி இணையத்துக்கு அலையாதீர்கள். சேர்த்த பிறகு சந்தேகப்பட்டு நீக்கிவிடாதீர்கள். பல இ-சிம் குறியீடுகள் ஒரு தடவைக்குத்தான். நான் நீக்கிவிட்டு, புதிதாக இன்னொன்று வாங்கினேன்.

கீழக்கரை_பயணி | செவ்வாய், காலை 7.00

ஆண்ட்ராய்டுதான். கையால் உள்ளிட்டேன், ஏறிவிட்டது. அல்லாஹ் உங்களுக்கு நன்மை செய்யட்டும்.

ராமேஸ்வரம்_விடுதி | செவ்வாய், காலை 11.30

இதையும் சொல்லுங்கள். மதுரையில் இருக்கும் எங்கள் கணக்கர் தன் கணினித் திரையில் வந்த வாட்ஸ்அப் குறியீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், என் எண்ணை அங்கே இணைப்பதற்காக. வாட்ஸ்அப் ஸ்கேனில் கேலரிக் குறியே இல்லை. அந்தப் படத்தை இன்னொரு கைப்பேசியில் காட்டி ஸ்கேன் செய்து பார்த்தபோதும், குறியீடு பழையதாகிவிட்டது என்று வருகிறது.

மண்டபம்_டீச்சர் | செவ்வாய், மாலை 7.05

அது வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறியீடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். படம் ராமேஸ்வரம் வந்துசேர்வதற்குள் செத்துவிடும். கணினியில் 'தொலைபேசி எண் மூலம் இணை' என்ற வழி இருக்கிறது. அதில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும், அதை உங்கள் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யலாம்.

ஆனால் செய்யும் முன் யோசியுங்கள். இணைத்துவிட்டால் உங்கள் உரையாடல் எல்லாம் அந்தக் கணினியில் திறந்து கிடக்கும். கணக்கருக்குத் தேவை ரசீதுகள் மட்டும்தான் என்றால் அவற்றை மட்டும் அனுப்புங்கள். யாரோ தெரியாதவர் அந்த எட்டு எழுத்தை உங்களிடம் சொல்லித் தட்டச்சு செய்யச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இந்த இழையில் இவ்வளவு பேர் கேட்டதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது ஸ்கேன் செய்யத் தெரியாதவர்கள் மேல் அல்ல, அனுப்புகிறவர்கள் மேல். காகிதத்தில் இருப்பதைக் கைப்பேசிக்குள் கொண்டுவரத்தான் இந்தக் குறியீடு. வாட்ஸ்அப்பில் வந்துவிட்ட செய்தி ஏற்கெனவே கைப்பேசிக்குள் இருக்கிறது. பாலத்தைக் கடந்து பாம்பனுக்கு வந்துசேர்ந்தவரிடம், மறுபடி மண்டபம் போய் ரயில் ஏறி வா என்று சொல்வது போல இருக்கிறது. எங்கள் பள்ளியிலும் சுற்றறிக்கையில் வெறும் குறியீட்டை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருக்கிற பெற்றோர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது படத்தின் கீழே தொடக்கூடிய முகவரியையும் சேர்த்து எழுதுகிறோம். ஒரே ஒரு வரி.

ஏர்வாடி_வாசல் | செவ்வாய், இரவு 9.50

டீச்சர், என் மனைவியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். குறியீட்டுக்குள் இருக்கும் எழுத்தை லென்ஸில் பார்க்கலாம் என்றதும், அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து அவளே பார்த்தாள். பெறுபவர் பெயர், 1,900 என்ற தொகை இரண்டும் உள்ளேயே எழுதியிருந்தது. "அவன்தான் பெறுகிறவன் என்று இதிலேயே இருக்கிறதே" என்றாள். நான் சொன்னதை முழுவதும் திரும்பப் பெறவில்லை. ஆனால் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று சொன்னதை மட்டும் எடுத்துவிடுகிறேன்.

பாம்பன்_கருவாட்டுக்கடை | சனி, காலை 8.15

இன்று வண்டி வந்தது. 3,800 ரூபாய். உப்புக்காரர் வழக்கம் போலப் படத்தை அனுப்பினார். "தம்பி, உங்கள் முகவரியை எழுத்தில் அனுப்புங்கள்" என்றேன். அனுப்பினார். ஒட்டினேன், பெயரைப் படித்தேன், அனுப்பினேன். மூட்டை இறங்கும்போது பக்கத்துக் கடைக் கதவு இன்னும் திறக்கவில்லை.

டீச்சர் அனுப்புகிறவர்களைச் சொன்னது என்னைத்தான் குத்தியது. வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு நானும் என் குறியீட்டைப் படமாகத்தானே அனுப்புகிறேன்? போன மாதம் மதுரையிலிருந்து ஓர் அம்மா மூன்று கிலோ நெத்திலியும் ஒரு கிலோ சீலாக் கருவாடும் கேட்டார். 2,350 ரூபாய் ஆனது. "போகவில்லையே" என்றார், பிறகு பதிலே இல்லை. அதற்கு முன்பும் ஒருவர் அப்படித்தான் போனார். வாங்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

இன்று காலை அந்த அம்மாவுக்கு என் யுபிஐ முகவரியை எழுத்தில் அனுப்பி, காரணத்தையும் சொன்னேன். பணம் வந்துவிட்டது. இரண்டு கிலோ நெத்திலி கூடச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பொட்டலம் கட்டப் போகிறேன்.